தோற்றால் யாருக்குப் பதில் சொல்வது?

பந்திங் பக்கம் கம்போங் கஞ்சோங் டாராட் என்று ஒரு கிராமம் இருக்கிறது. செம்பனை, கம்பத்து வீடுகள், வாசலில் கோழி. விசேஷமாகச் சொல்ல ஒன்றும் இல்லாத ஊர் என்றுதான் கடந்து போகிறவர்கள் நினைப்பார்கள். மலேசியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அந்த ஊர்ப் பிள்ளைகள் வாங்கியது. 1992 பார்சலோனாவில் பூப்பந்து ஆடவர் இரட்டையரில் ரசிஃப் சீடேக், ஜலானி சீடேக் என்ற அண்ணன் தம்பி வென்ற வெண்கலம். அதற்கடுத்த 1996 அட்லாண்டாவில் ஒற்றையர் வெண்கலமும் அதே வீட்டுக்குத்தான் போனது, இன்னொரு தம்பி ரஷீட் மூலம். மூத்தவர் மிஸ்பூனையும் ரஹ்மானையும் சேர்த்தால் ஒரே வீட்டில் ஐந்து ஆட்டக்காரர்கள். அப்பாதான் அவர்களுடைய முதல் பயிற்சியாளர்.

ஜெஞ்சாரோமில் நான் ரேக்கட்டுக்கு நரம்பு கட்டுகிறேன். கடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மெஷின், நரம்புச் சுருள்கள், கைப்பிடித் துணிகள், அவ்வளவுதான். பந்திங், தெலுக் பங்லிமா காராங், கிள்ளான் வரையிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். ரேக்கட்டைக் கொடுத்துவிட்டு ஆட்டம் பற்றிப் பேசாமல் போகிற ஆளை நான் பார்த்ததில்லை. பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் இரண்டு பேரில் வந்து நிற்கும்: நம் லீ சோங் வெய், சீனாவின் லின் டான். யார் பெரிய ஆள், யாருக்கு மனசு கெட்டி, யார் எந்தப் புள்ளியில் கோட்டை விட்டார். இந்தப் பஞ்சாயத்துக்கு வயதே ஆவதில்லை.

அதற்கு முன்னால் சீடேக் வீட்டை முடித்துவிடுகிறேன். ரசிஃபும் ஜலானியும் 1982இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்ற காலத்தில் அவர்களிடம் ஒரு சர்வீஸ் இருந்தது. பூப்பந்தின் தக்கையை அடிக்காமல், இறகுப் பக்கத்தில் ரேக்கட்டை உரசி அனுப்புவார்கள். பந்து குடிகாரன் நடை போல வலையைத் தாண்டும். எந்தப் பக்கம் திரும்பும் என்று எதிரே நிற்பவருக்குத் தெரியாது. உலகம் முழுக்க அதற்கு சீடேக் சர்வீஸ் என்றே பெயர் விழுந்தது. எதிர்த்து ஆட முடியாதவர்கள் முறையிட்டார்கள், கடைசியில் அனைத்துலகச் சங்கம் தடை போட்டது. நாற்பது ஆண்டு கழித்து 2023இல் வேறு ஒரு சுழல் சர்வீஸ் தலையெடுத்தபோதும் இதே கதைதான், அதற்கும் தடை. எதிராளியை நிலைகுலைய வைக்கிற வித்தை கையில் வந்தால் அதை விதிப்புத்தகமே பறித்துக்கொள்ளும். அதற்குப் பிறகும் அந்தச் சகோதரர்கள் பத்து ஆண்டுகள் உச்சத்தில் நின்றார்கள் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிது. அவர்களுக்கு எதிரே கொரியாவின் பார்க் ஜூ பாங், கிம் மூன் சூ மாதிரி மலைகள் நின்றன. பார்சலோனாவில் தங்கம் அந்த ஜோடிக்குத்தான்.

1992 மே மாதம் ஸ்டேடியம் நெகாராவில் இந்தோனேசியாவை 3-2 என்று வீழ்த்தி தாமஸ் கிண்ணம் வாங்கினோம். 1967க்குப் பிறகு கிடைத்த கிண்ணம் அது. இன்றுவரை மறுபடியும் கிடைக்கவில்லை. அந்த அணியில் தோற்றாலும் பக்கத்து பெஞ்சில் அண்ணனோ தம்பியோ இருந்தார்கள். அடி விழுந்தாலும் பங்கு போட்டுக்கொள்ள ஆள் இருந்தது.

சோங் வெய்க்கு அது இல்லை. பினாங்குப் பக்கத்துப் பையனைச் செதுக்கி உலகின் முதல் இடத்துக்குக் கொண்டுபோனவர் அந்த வீட்டு மூத்தவர் மிஸ்பூன்தான். ஆனால் ஒற்றையர் களத்தில் குரு உள்ளே வர முடியாது. மொத்தம் 349 வாரம் முதல் இடம், மலேசியப் பொதுப்போட்டியில் 12 பட்டம். இன்னொரு பக்கம் லின் டானுடன் மோதிய 40 ஆட்டத்தில் 28 தோல்வி. இந்த இரண்டு கணக்கையும் ஒரே ஆள் சுமந்தார்.

2006இல் குச்சிங்கில் நடந்ததைச் சொன்னால்தான் பாக்கி புரியும். அந்த ஆண்டுதான் 21 புள்ளி முறை வந்தது. பழைய 15 புள்ளி முறையில் சர்வீஸ் கையில் இருந்தால்தான் புள்ளி. தப்புச் செய்தால் சர்வீஸ் போகும், புள்ளி போகாது. புது முறையில் யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு தப்புக்கும் ஒரு புள்ளி. மூச்சு வாங்க இடமே கிடையாது. அந்தப் புது முறையில், மலேசியப் பொதுப்போட்டியின் இறுதியாட்டத்தில், மூன்றாம் செட்டில் சோங் வெய் 13-20 என்று பின்தங்கி நின்றார். லின் டானுக்கு ஒரே ஒரு புள்ளி போதும். அந்த ஒன்றைக் கொடுக்காமல், ஒவ்வொன்றாக மீட்டுச் சமன் செய்து, கடைசியில் 23-21 என்று சோங் வெய் வென்றார். சொந்த மண், சொந்தக் கூட்டம். அப்போது அவர் ஜெயிக்க வேண்டும் என்று எல்லாரும் ஆசைப்பட்டோம். ஜெயித்தே ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கிற தூரம்தான் பின்னால் வந்த பத்து ஆண்டு.

2008 பெய்ஜிங் இறுதியாட்டத்தைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை, 21-12, 21-8. லின் டான் சொந்த நாட்டில் அடித்துத் துவைத்தார். வலித்தது லண்டன்தான், அதுவும் இரண்டு முறை. 2011 உலக வெற்றியாளர் போட்டி, வெம்ப்ளி அரங்கம்: ஆட்டத்தை முடிக்கிற புள்ளி இரண்டு முறை கைக்கு வந்தும் மூன்றாம் செட்டை 23-21 என்று விட்டார். மறு ஆண்டு ஒலிம்பிக், அதே வெம்ப்ளி, அதே எதிராளி, மறுபடியும் இறுதியாட்டம்.

அன்று ஞாயிறு இரவு. இங்கே மாமாக் கடையில் வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். முதல் செட் நமக்கு, இரண்டாவது அவருக்கு. மூன்றாவதில் 19-18 என்று சோங் வெய் முன்னால் இருந்தபோது ரொட்டி சானாய் போடுகிறவர் கல்லை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து நின்றார். கருகுகிற வாசனை வந்தது, ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. அடுத்த மூன்று புள்ளியும் லின் டானுக்குப் போயின. 21-19. அவர் அரங்கத்தைச் சுற்றி ஓடினார், நம் ஆள் தரையில் விழுந்து கிடந்தார். பக்கத்து மேசைச் சீனக் கிழவர் ‘தக் அபா, தக் அபா’ (பரவாயில்லை) என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே பணத்தை வைத்துவிட்டு எழுந்தார்.

பிறகு சோங் வெய் நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஒலிம்பிக் வெள்ளி வாங்கிய மனிதர்! எதற்கு மன்னிப்பு? நாங்கள்தான் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை, ஏனென்றால் நானும் அந்தக் கூட்டத்தில் கத்தியவள்தான். இந்த நாட்டுக்கு ஒலிம்பிக் தங்கம் ஒன்றுகூடக் கிடையாது, 2024 பாரிஸ் முடிந்த பிறகும் கிடையாது. தங்கத்துக்கு ஒரு மில்லியன் ரிங்கிட் என்று அரசாங்கம் ஊக்கத்தொகை வைத்திருக்கிறது. அந்தக் காலியிடம் முழுவதையும் ஒரே ஆளின் தோளில் ஏற்றி வைத்துவிட்டு, லின் டான்தான் அவருக்கு அழுத்தம் கொடுத்தார் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

லின் டான் கொடுக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. 2013 குவாங்சோவில் சிறப்பு அனுமதியில் உள்ளே வந்தவர், இறுதியாட்டத்தில் சோங் வெய்யைத் தசைப்பிடிப்பில் சுருண்டு விழுகிற அளவுக்கு ஓட வைத்தார். மூன்றாம் செட் 17-20இல் நம் ஆளைத் தள்ளுபடுக்கையில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆனால் 2016 ரியோவை யோசித்துப் பாருங்கள். அரையிறுதியில் லின் டானை 22-20 என்று மூன்றாம் செட்டில் சாய்த்தார். இரண்டு பேரும் சட்டையை மாற்றிக்கொண்டார்கள். எல்லாக் கணக்கும் தீர்ந்தது என்று ஊரே கொண்டாடியது. மறுநாளே இறுதியாட்டம். எதிரே சென் லோங், 21-18, 21-18. என் அபிப்பிராயம், அந்த அரையிறுதிதான் அவருடைய இறுதியாட்டம். மிச்சம் இருந்தது காலில் மட்டும்தான், மனசில் இல்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே முகத்தைப் பார்த்து ஆடிப் பழகியவருக்கு, அந்த முகம் விலகிய மறுநாள் எதற்கு எழுந்திருப்பது என்று தெரியாது. போட்டி மனப்பான்மையின் இந்தப் பக்கத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை.

எதிராளி உன் ஆட்டத்தைத் தொடவே முடியாது என்று வைத்துக்கொண்டால் அழுத்தம் குறைந்துவிடுமா? என் வாடிக்கைக்காரப் பையன் ஒருவன் கைப்பேசியில் டிஸ்க் கோல்ஃப் காட்டினான். கோல்ஃப் மாதிரியே பதினெட்டுக் குழி, ஆனால் மட்டையும் இல்லை, குழியும் இல்லை. கையால் வட்டை வீச வேண்டும், தூரத்தில் ஒரு கம்பத்தில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை நிற்கும். குறைந்த வீச்சில் எல்லாக் கூடையையும் முடித்தவர் வென்றவர். “அக்கா, இதுல எதிராளி பக்கத்துல சும்மாதான் நிப்பான். நம்ம வட்டை அவனால ஒன்னும் பண்ண முடியாது” என்றான். அமெரிக்காவில் இது முழுநேரத் தொழில். பால் மெக்பெத் என்பவர் 2012 முதல் 2015 வரை வரிசையாக நான்கு முறை உலக வெற்றியாளர். பிறகு ரிக்கி வைசாக்கி வந்து 2016, 2017 இரண்டையும் எடுத்துக்கொண்டார். 2019இல் மெக்பெத் மீண்டார். 2021 தொடக்கத்தில் ஒரு வட்டு நிறுவனம் அவரோடு பத்து ஆண்டுக்குப் பத்து மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டது. அந்த விளையாட்டில் அதுவரை கேள்விப்படாத தொகை.

அந்த ஆண்டு ஜூனில் யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரில் உலக வெற்றியாளர் போட்டி. கடைசிக் கூடை. மெக்பெத் ஒரு வீச்சு முன்னால். ஜேம்ஸ் கான்ராட் என்ற நீளமுடிக்காரர் 247 அடி தூரத்திலிருந்து வீசிய வட்டு மரங்களை ஒட்டி மிதந்து போய்ச் சங்கிலியில் விழுந்தது. ஏறக்குறைய 75 மீட்டர். நம்முடைய பூப்பந்துக் களத்தை நீளவாக்கில் ஐந்தரை தடவை அடுக்கிக்கொள்ளுங்கள். கணக்குச் சமம். கூடுதல் ஆட்டத்தின் முதல் கூடையிலேயே கான்ராட் பட்டத்தை வாங்கிக்கொண்டார். மெக்பெத்தின் வட்டை யாரும் தொடவில்லை, தட்டிவிடவில்லை. இருந்தும் அந்தச் சங்கிலிச் சத்தத்துக்குப் பிறகு அவர் கையில் இருந்தது வேறு வட்டு. அடுத்த ஆண்டு கான்சஸ் மாநிலத்து எம்போரியாவில், மறுபடியும் கூடுதல் ஆட்டம்வரை போய், ஆறாவது பட்டத்தை அவர் வென்றார். அவர் தோற்றால் ஒப்பந்தக்காரருக்கும் தனக்கும் பதில் சொன்னால் போதும். ரொட்டிக்கல் கருகுவதில்லை.

இப்போது அந்தச் சுமை ஒரு தமிழ்ப் பெண்ணின் தோளுக்கு வந்திருக்கிறது. தீனா முரளிதரனும் பெர்லி தானும் 2022இல் காமன்வெல்த் தங்கம் வாங்கிய ஜோடி. 2024 ஒலிம்பிக்கில் வெண்கல ஆட்டத்தில் ஜப்பானின் மட்சுயாமா, ஷிடாவிடம் தோற்று நான்காம் இடம். நான்காம் இடத்துக்கு மேடையும் இல்லை, மாலையும் இல்லை. மறு ஆண்டு ஆகஸ்டில் அதே பாரிஸ், அதே அரங்கம், உலக வெற்றியாளர் போட்டி. இந்தத் தடவை இறுதியாட்டம் வரை போனார்கள். மலேசியப் பெண்கள் இரட்டையர் அந்தப் போட்டியில் பதக்கம் தொட்டது அதுதான் முதல் தடவை. எதிரே சீனாவின் லியூ ஷெங்ஷு, தான் நிங். வெள்ளியோடு திரும்பினார்கள். ‘மறுபடியும் அந்தச் சீன ஜோடியிடமா’ என்று கடையில் ஒருவர் சலித்துக்கொண்டார். எனக்கு லண்டன் ஞாபகம் வந்தது. தோற்ற இடத்துக்கே மறுபடி போய் நிற்க ஒரு துணிவு வேண்டும். இவர்களுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி நிற்கிறாள் என்பது சீடேக் வீட்டுக் கொடுப்பினை.

அழுத்தம் என்பதை நான் நரம்பில் பார்க்கிறேன். நடுவில் அறுந்து வந்தால் தேய்ந்து அறுந்தது, அது உழைப்பு. சட்டத்துக்குப் பக்கத்தில், மேல்முனையில் அறுந்து வந்தால் பந்து நடுவில் படவில்லை என்று அர்த்தம். பள்ளி அளவிலான போட்டிக்காலத்தில் இந்த இரண்டாவது வகை குவியும். பயிற்சியில் நடுவில் அடிக்கிற அதே பிள்ளை, அப்பா பார்க்க வந்த அன்று ஓரத்தில் அடிக்கிறது.

போட்டி நெருங்கினால் எல்லாருக்கும் இறுக்கமான நரம்பு வேண்டும். பாரிஸ் வெள்ளி வந்த அடுத்த வாரம் ஒரு தமிழ்ப்பள்ளிப் பெண் வந்தாள், ஆறாம் ஆண்டு படிக்கிறவள்.

“அக்கா, 28 பவுண்டு போடுங்க.”

“போன தடவ 22 தானே?”

“தீனா அக்கா அவ்ளோதான் போடுவாங்களாம்.”

இறுக்கினால் நடுவில் படுகிற அடி துல்லியமாகப் போகும், ஆனால் அந்த நடு சுருங்கிவிடும். கொஞ்சம் விலகினாலும் அடியில் உயிர் இருக்காது, தோள்பட்டைதான் வாங்கும். பெரிய ஆட்டக்காரர்களுக்குக் கை பழகியது. பன்னிரண்டு வயதுக்குப் பழகாது. இதையெல்லாம் சொன்னேன். வெளியே காரில் இருந்த அவள் அப்பா கண்ணாடியை இறக்கி, “அவ கேக்குறதப் போட்டுக் குடுங்க சிஸ்டர், சனிக்கிழம மாவட்டப் போட்டி” என்றார்.

மெஷினை 23இல் வைத்து இழுத்தேன். ரேக்கட்டை வாங்கி உள்ளங்கையில் தட்டிப் பார்த்தவள், “இப்பதான் அக்கா நல்லா இருக்கு” என்றாள்.