காலைக் குளிரில் பெட்ரோல் என்ஜின் முரண்டு பிடிப்பது ஏன்?

பெட்ரோலில் ஓடும் சிறு பம்புசெட், விசைத்தெளிப்பான் வைத்திருக்கும் விவசாயிகள் மார்கழி, தை மாதங்களில் கூறும் குறை, காலையில் கயிறு இழுத்தே கை ஓய்ந்துவிடுகிறது என்பதாகும். உடனே கார்புரேட்டரைக் கழற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கில்லை.

பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. ஆவியாகிக் காற்றுடன் கலந்த பின்பே தீப்பற்றும். மேலும் அது ஒரே பொருளன்று; சுமார் 35 டிகிரி சென்டிகிரேடிலிருந்து 200 டிகிரி வரை வெவ்வேறு சூட்டில் கொதிக்கும் பல எண்ணெய்களின் கலவை. என்ஜின் குளிர்ந்திருக்கையில் இலேசான பகுதி மட்டுமே ஆவியாகும். மீதி குழாய்ச் சுவரிலும் சிலிண்டரிலும் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். சூடேறிய என்ஜினில் 1 கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 கிலோ காற்று என்பது சரியான அளவு. குளிரில் அதே அளவு விட்டால் ஆவி போதாது. அதற்காகவே சோக்கை மூடிக் காற்றைக் குறைத்து, பெட்ரோலைக் கூடுதலாக உறிஞ்சச் செய்கிறோம்.

என்ஜின் பிடித்ததும் சோக்கைச் சிறிது சிறிதாகத் திறந்துவிட வேண்டும். இதை மறந்து மடை திருப்பப் போய்விடுவோர் பலர். கரும்புகை வரும், காசுதான் புகையாகப் போகிறது. அதைவிடப் பெரிய நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, அங்குள்ள ஆயிலையும் நீர்த்துப்போகச் செய்கிறது. பிஸ்டன் வளையங்கள் தேயும். தனி ஆயில் தொட்டி உள்ள என்ஜினில் ஆயில் மட்டம் ஏறி, பெட்ரோல் வாடையும் அடித்தால் ஆயிலை மாற்றிவிடுவதே நலம்.

பலமுறை இழுத்தும் கிளம்பாவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவும். நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுந்துவிட்டது என்று பொருள். பெட்ரோல் குழாயை அடைத்து, சோக்கை முழுதும் திறந்து, சுவிட்சை நிறுத்திவைத்து, நாலைந்து முறை கயிற்றை இழுத்தால் உள்ளே தேங்கியது வெளியேறும். அப்போது பீடி, தீப்பெட்டி அருகில் கூடாது. பிளக்கைத் துடைத்துக் காயவைத்து மாட்டவும்.

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் பம்புசெட்டுக்கு இது இன்னும் முக்கியம். மண்ணெண்ணெய் சுமார் 150 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கத் தொடங்கும். என்ஜின் நன்கு சூடேறும்முன் மாற்றினால் அடைத்து நின்றுவிடும். நிறுத்துவதற்குச் சற்று முன்பே திரும்பப் பெட்ரோலுக்கு மாற்றிவிட்டால், மறுநாள் காலை கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல்தான் இருக்கும்.

மாதக்கணக்கில் டாங்கில் கிடந்த பெட்ரோலை நம்ப வேண்டாம். கிளப்புவதற்கு உதவும் இலேசான பகுதிதான் முதலில் பறந்துபோகும். இப்போதைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். எனவே பருவம் முடிந்து கருவியை ஒதுக்கிவைக்கையில் டாங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓட்டிவிடவும்.