வர்க்கலைச் செங்குன்றும் கடல் நீராடலும்

கன்னியாகுமரிக்கும் திருவனந்தபுரத்திற்கும் கல்விச் சுற்றுலா செல்வது நம் பகுதி மாணவர்களின் வழக்கம். திருவனந்தபுரத்தில் தங்குவோர் காலையில் புறப்பட்டு மாலைக்குள் கண்டு திரும்பத்தக்க எழில்மிகு இடம் வர்க்கலை. பெரும்பாலும் தாழ்ந்த நிலமாக நீளும் தென்கேரளக் கடற்கரையில், இங்குச் செந்நிறக் குன்று ஒன்று அரபிக்கடலை ஒட்டிச் செங்குத்தாக எழுந்து நிற்கின்றது. அதன் அடியில் உள்ள பாபநாசக் கடற்கரையில் நீராடுவோர் பலர். குன்றின் இயல்பையும் கடலின் இயல்பையும் அறிந்து இறங்குவோர்க்கே அந்நீராடல் இன்பமாகும்.

குன்றின் அமைப்பு

குன்றின் உச்சியில் இருப்பது செம்புரைக்கல். ஈரத்தில் வெட்டுவதற்கு எளிதாகவும் வெயிலில் காய்ந்தபின் செங்கல் போல் உறுதியாகவும் விளங்கும் இக்கல்லுக்கு 1807இல் பிரான்சிஸ் புக்கானன் ‘லாட்டரைட்’ எனப் பெயரிட்டார். அதன் கீழே மணற்கல்லும் களிமண்ணும் மாறிமாறி அடுக்கப்பட்டுள்ளன. இடையிடையே பழுப்பு நிலக்கரியும் காணப்படும்.

இவ்வடுக்குகள் நமக்கு அயலானவை அல்ல. மேல்பட்டாம்பாக்கத்திற்கு அருகிலுள்ள கேப்பர் மலையின் செம்மண்ணும், திருவக்கரையின் கல்மரங்களைத் தாங்கிய பாறையும் ‘கடலூர் மணற்கல்’ என்னும் இனத்தைச் சேர்ந்தவை. வர்க்கலை அடுக்குகளை அதற்கு உறவாகவே புவியியலார் கருதி வந்துள்ளனர். நெய்வேலியில் நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்துடன் தேங்கிய நீரை இறைத்த பிறகே சுரங்கம் தோண்ட முடிகின்றது. வர்க்கலையிலோ மழைநீர் செம்புரைக்கல்லின் துளைகள் வழியே இறங்கி, களிமண்ணால் தடுக்கப்பட்டு, குன்றின் பக்கவாட்டில் ஊற்றாக வடிகின்றது. கடலின் விளிம்பிலேயே நன்னீர் ஊற்று இருப்பதன் காரணம் இதுவே.

அவ்வூற்றே குன்றின் பலவீனமும் ஆகும். நீர் ஊறிய மணல் நெகிழ்கின்றது. அடிப்பகுதியைத் தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் அரிக்கின்றன. தாங்குவதற்கு ஏதுமின்றி உச்சிப்பாறை சரிகின்றது. உச்சியில் கட்டடங்களும் அவற்றின் கழிவுநீரும் பெருகுவது இச்சரிவை விரைவுபடுத்துகின்றது. எனவே குன்றின் விளிம்பில் நின்று படம் எடுப்பதும், அடிவாரத்து நிழலில் அமர்ந்து உண்பதும் தவிர்க்கத்தக்கவை. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இதனைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. 2025இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் இது இடம்பெற்றது.

கடலின் இழுப்பு

கரைக்கு அலைகள் கொணரும் நீர் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அது சில இடங்களில் ஒடுங்கிய ஓட்டமாகத் திரண்டு வேகத்துடன் பின்வாங்கும். அங்கு அலை குறைவாகவே உடைவதால் நீர் அமைதியாகத் தோன்றும். கடலறியாதவர் அவ்விடத்தையே பாதுகாப்பானது எனத் தேர்ந்துவிடுகின்றனர். ஆற்றிலும் கிணற்றிலும் நன்கு நீந்துபவரும் இவ்வோட்டத்தை எதிர்த்து நீந்திக் களைத்து மூழ்குவதுண்டு.

ஓட்டம் மனிதரைக் கடலுக்குள் கொண்டு செல்லுமேயன்றி, அடிக்கு இழுப்பதில்லை. ஆதலின் பதறாது மிதந்து, கையுயர்த்தி உதவி கோருதல் வேண்டும். நீந்த இயலுமாயின் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தின் அகலத்தைக் கடந்து, பின்னரே கரை நோக்கித் திரும்ப வேண்டும். கரையிலிருப்போர் ஒருவர்பின் ஒருவராகக் குதித்தல் உயிரிழப்பைப் பெருக்கும். கயிறோ, காற்றடைத்த டயர்க் குழாயோ எறிந்து, உயிர்காப்பாளரை அழைப்பதே முறை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்குக் கடல் கொந்தளிக்கும். அம்மாதங்களில் நீராடலை அறவே விலக்குக. ஏனைய காலத்திலும் உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில், அவர் வரையறுத்த எல்லைக்குள் மட்டுமே இறங்குக. நம் கடலூர் வெள்ளிக் கடற்கரைக்குச் செல்வோர்க்கும் நீரோட்டம் பற்றிய இவ்விதிகள் பொருந்தும். அங்கு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெரிதும் விழிப்பு வேண்டும்.

சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், புறப்படுமுன் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குவாராயின் நலம். பிள்ளையை வழியனுப்பும் பெற்றோர் எதிர்பார்ப்பது, அப்பிள்ளை நலமாக வீடு திரும்புவதையே அன்றோ!