பன்னிரண்டு முட்டைக்கும் ஒரே பிறந்தநாள்

வீட்டில் நாட்டுக்கோழி வளர்ப்போர் அடிக்கடி எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. பெட்டைக்கோழி நாளுக்கொன்றாக, இடையிடையே ஒரு நாள் விட்டு, பன்னிரண்டு முட்டை இட்டு முடிக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகிறது. அப்படியிருக்க, முதல் முட்டையின் குஞ்சு கடைசி முட்டையின் குஞ்சுக்கு இரண்டு வாரம் முன்னதாக வராமல், எல்லாம் ஏறத்தாழ ஒரே நாளில் பொரிப்பது எப்படி? அடைவைத்த 21-ஆம் நாள் குஞ்சு வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கு தொடங்கும் முன்பு முட்டைக்குள் நிறுத்திவைக்கப்பட்டிருக்கும் வாழ்வைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. கோழியின் இனப்பெருக்கத்தில் பெரும் வியப்புக்குரிய பகுதியோ அதுதான்.

புதிதாக இட்ட முட்டையில் வளர்ச்சி இன்னும் தொடங்கவில்லை என்று பலரும் கருதுகின்றனர். உண்மையில் மஞ்சள்கரு கருக்குழாயின் மேல்முனையில் விந்தணுவைச் சந்தித்த பிறகு, வெண்கருவும் சவ்வும் ஓடும் அதன்மேல் படிந்து முடிய ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கிறது. அந்த நாள் முழுவதும் அது தாயின் 41 டிகிரி செல்சியஸ் உடல்வெப்பத்தில் இருப்பதால் உயிரணுக்கள் இடைவிடாமல் பிரிந்துகொண்டே செல்கின்றன. முட்டை வெளியே வரும்போது, மஞ்சள்கருவின் மேல் வெளிறிய புள்ளியாகத் தெரியும் கருவட்டில், அதாவது பின்னர் குஞ்சாக உருப்பெறவிருக்கும் தட்டையான உயிரணு அடுக்கில், சுமார் 40,000 முதல் 60,000 உயிரணுக்கள் இருக்கின்றன. இடப்பட்ட முட்டை ஆறத் தொடங்கியதும் இந்தப் பிரிதல் தளர்ந்து, ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே நின்றுவிடுகிறது. கரு சாவதில்லை, உயிரோடு, வளராமல், காத்திருக்கிறது. முதல் நாள் முட்டையும் பன்னிரண்டாம் முட்டையும் ஏறக்குறைய ஒரே வளர்ச்சிப் படியில் நின்றிருக்க, தாய் அமர்ந்து சூடேற்றும் நாளில் அனைத்தும் ஒன்றாகப் புறப்படுகின்றன.

இந்த நிறுத்தப் புள்ளிக்கு உடலியங்கியல் சுழியம் என்று பெயர். 1902-இல் எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதனை 20 முதல் 21 டிகிரி என்று கணித்தார். பின்வந்தவர்கள் அதைவிட உயர்ந்த எண்களையும் தந்திருக்கின்றனர். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் அளவீட்டுப் பிழை மட்டுமன்று. கருவின் எல்லாப் பகுதிகளும் ஒரே வெப்பநிலையில் நிற்பதுமில்லை, ஒரே வெப்பநிலையில் விழிப்பதுமில்லை. ஆகவே சுழியத்துக்கும் அடைவெப்பமான 37.5 டிகிரிக்கும் இடையே அபாயமான ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் நெடுநேரம் கிடக்கும் முட்டையில் சில திசுக்கள் வளர, சில பின்தங்க, ஒழுங்கு குலைந்த கரு முதல் சில நாட்களிலேயே இறந்துபோகிறது.

இதனை இட்லி மாவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஊட்டியில் மார்கழி இரவில் கரைத்து வைத்த மாவு விடிந்த பிறகும் பொங்காமல் கிடக்கிறது. சென்னையில் சித்திரை மாதத்தில் அதே மாவு சில மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வழிகிறது. குளிர்பெட்டியில் வைத்தால் புளிப்பு அடங்கி நிற்கிறது. குளிர்பெட்டிக்கும் அடுப்படிக்கும் நாலைந்து முறை அலைக்கழித்தால் எதற்கும் உதவாமல் போகிறது. மாவில் இருப்பவை தனித்தனி நுண்ணுயிர்கள் என்பதால் ஒன்று முந்தினாலும் மற்றொன்று பிந்தினாலும் இட்லி வந்துவிடும். கருவிலோ முந்துவதும் பிந்துவதும் உயிரையே பறிக்கும். குளிர்பெட்டியின் உதவியும் முட்டைக்குப் பொருந்தாது, ஏனெனில் 4 டிகிரிக் குளிரில் நெடுநாள் இருக்கும் கரு மெல்ல மடிகிறது. பொரிப்பகங்கள் முட்டைகளை 15 முதல் 18 டிகிரியில் வைப்பது இதனால்தான். ஒப்புமை அடியோடு முறியும் இடமும் ஒன்று உண்டு. சேமிப்பில் இருக்கும் முட்டைகளைச் சில மணி நேரம் மட்டும் அடைவெப்பத்துக்குக் கொண்டுபோய் மீண்டும் குளிர்விப்பதால், நெடுநாள் காத்திருந்த முட்டைகளின் பொரிப்புத்திறன் மேம்படுவதாக அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு படி முன்னேறி நிற்கும் கரு காத்திருப்பை இன்னும் நன்றாகத் தாங்குகிறது என்பது அதற்குத் தரப்படும் விளக்கம். பெட்டை ஒவ்வொரு முட்டையையும் இட வரும்போது பழைய முட்டைகளின்மேல் சிறிது நேரம் அமர்ந்து எழுவதை நினைத்துப் பார்த்தால், இந்த உத்தி கூட்டுக்குப் புதியதன்று என்று தோன்றுகிறது.

காத்திருப்பின் மறுபாதி தாயிடம் இருக்கிறது. முட்டைகள் சேரும்வரை தொடர்ந்து அமராமல் இருப்பதும், சேர்ந்த பிறகு நாளில் ஏறக்குறைய ஒருமுறை மட்டும் இரைக்கு எழுந்து மற்ற நேரமெல்லாம் அசையாமல் கிடப்பதும் மூளையடிச் சுரப்பி வெளியிடும் புரோலாக்டின் என்ற இயக்குநீரின் அளவு முதலில் தாழ்ந்தும் பின்னர் ஏறியும் இருப்பதால் நிகழ்பவை. 1930-களில் ஆஸ்கர் ரிடில் குழுவினர் இதனைக் கோழிக்குச் செலுத்தி அடைப்பண்பை உண்டாக்கிக் காட்டினர். இறகு உதிர்ந்த வயிற்றுத் தோலில் முட்டைகள் படும் உணர்வு இந்தச் சுரப்பை நீடிக்கச் செய்கிறது. முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்ட வெள்ளை லெகான் இனத்தில் இப்பண்பு பெரும்பாலும் மறைந்துவிட்டது. சிறுவிடை, அசில் ஆகிய நாட்டுக்கோழி இனங்களில் அது இன்றும் உயிர்ப்போடு இருக்கிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எகிப்தியர் பழங்காலத்திலேயே கோழியின்றிச் சூளைகளில் குஞ்சு பொரித்தனர். அரிஸ்டாட்டில் நாளுக்கொரு முட்டையாக உடைத்துக் கருவின் வளர்ச்சியைப் பதிவு செய்தார். பிரெஞ்சு அறிஞர் ரேயோமூர் 1749-இல் செயற்கைப் பொரிப்பு பற்றி நூல் வெளியிட்டார். இவர்கள் எல்லோருடைய கவனமும் அடைவைத்த பின் நடப்பதன் மீதே இருந்தது, அதற்கு முந்திய காத்திருப்பின் மீது அன்று.

முட்டைகள் எல்லாம் ஒன்றாக வளரத் தொடங்கினாலும் 21 நாட்களில் சிறு சிறு முன்பின் வேறுபாடுகள் தோன்றவே செய்யும். அவற்றைச் சரிசெய்யும் பொறுப்பைக் குஞ்சுகளே ஏற்கின்றன. பொரிப்பதற்கு முன்பு குஞ்சு அலகால் உட்சவ்வைக் கிழித்து, முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறைக்குள் தலையை நுழைத்து, முதன்முறையாக நுரையீரலால் மூச்சு விடுகிறது. அப்போது முட்டைக்குள்ளிருந்து சொடக்குப் போடுவது போன்ற மெல்லிய ஒலி எழுகிறது. 1960-களில் கேம்பிரிட்ஜில் மார்கரெட் வின்ஸ் காடை முட்டைகளை ஆராய்ந்து, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் முட்டைகளில் இவ்வொலி பின்தங்கிய குஞ்சுகளை விரைவுபடுத்துவதை நிறுவினார். தாமதமாக அடைவைத்த முட்டைகளும் மற்றவற்றோடு சேர்ந்து பொரித்தன. கோழி முட்டைகளிலும் இவ்வொலி உண்டு. ஆனால் காடையில் கண்ட விளைவை அதே அளவில் கோழிக்கும் ஏற்றிச் சொல்வது மிகையாகும். பொரித்த குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள்கருவைக் கொண்டு இரண்டு மூன்று நாள் இரையின்றி வாழ முடிவதால், சற்றுப் பிந்தியவற்றுக்காகத் தாய் கூட்டில் தங்க முடிகிறது.

இந்தப் பின்னணியில், சிறிய இன்குபேட்டர்களுக்கு வரும் விளம்பரங்கள் கவலை தருகின்றன. நூற்றுக்கு நூறு பொரிப்பு என்ற வாக்குறுதியை எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாது. நன்கு நடத்தப்படும் பெரிய பொரிப்பகங்களிலும் பத்து முட்டைகளில் ஒன்றிரண்டு பொரிக்காமல் போவது இயல்பு. கருவி தருவது கடைசி 21 நாள் வெப்பம் மட்டுமே. கோடையில் திருச்சி, மதுரை போன்ற ஊர்களில் வீட்டுக்குள் நள்ளிரவிலும் வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. அங்கே அடுக்கி வைத்த முட்டை ஒரு நாளும் முழுமையாக உறங்குவதில்லை. இரண்டு வாரம் அப்படிக் கிடந்த முட்டையை எத்தனை விலையுயர்ந்த கருவியில் வைத்தாலும் கெட்ட கருவை அது மீட்காது. முட்டையின் கூரிய வடிவம் பார்த்துச் சேவலா பெட்டையா என்று சொல்லும் வழக்கத்துக்கும் ஆதாரமில்லை, ஏனெனில் பாலினம் தாயின் குரோமோசோமால் கருவுறும் நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது.

இடிச்சத்தத்தால் முட்டை கூமுட்டையாகும் என்று அஞ்சி, அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரித்துண்டும் இடும் பழக்கத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒலியைவிட விரைந்து பறக்கும் விமானங்களின் அதிர்வெடிக்கு உட்படுத்திய முட்டைகள் வழக்கம்போலப் பொரித்ததை 1965-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. எனினும் கிராமத்துப் பெண்கள் கண்ட இழப்பு பொய்யன்று. கோடை இடி முழங்கும் சித்திரை, வைகாசியே முட்டை உறங்க முடியாத மாதங்களும் ஆகும் என்பதால், வெப்பம் செய்த கேட்டின் பழி இடிமீது விழுந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு. அம்மாதங்களில் முட்டைகளை அன்றன்றே எடுத்து, ஈரமணல் நிரப்பிய மண்பானையின் மேல் துணி விரித்துக் கூர்முனை கீழாக வைத்து, கடைசி ஒரு வாரத்தில் இட்டவற்றை மட்டும் அடைவைத்து, அதற்கு முந்தியவற்றைச் சமையலுக்கு எடுத்துக்கொள்வது நல்லது.