இலவசமாகக் கொடுத்தவருக்கு வந்த எச்சரிக்கை

மஞ்சள் பேடண்ட் விவகாரம் நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். புண்ணுக்கு மஞ்சள் போடுவதற்கு அமெரிக்காவில் 1995-ல் ஒரு பேடண்ட் கொடுத்தார்கள். நம் நாட்டு சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் சான்றாகக் காட்டி வாதாடி, 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. நம் பாட்டிமார்கள் ஜெயித்தது போல மகிழ்ந்தோம். ஆனால் எதிரே நின்றது அரசு நிறுவனமாக இல்லாமல், சம்பளத்தை நம்பி வாழும் ஒரு தனி மனிதராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கம்ப்யூட்டர் உலகில் அப்படி ஒருவருக்கு நேர்ந்தது. சாஃப்ட்வேர் வேலைக்குப் போகும் பிள்ளை இல்லாத வீடு நம் சங்கத்தில் குறைவு என்பதால், இதை நம் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது.

ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் ஃபுர்ட்வாங்கன் என்று ஒரு சிற்றூர். அங்குள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் ஹெல்முட் டெர்ஷ். 1990-களின் கடைசியில் அவர் 'பனோரமா டூல்ஸ்' என்ற சாஃப்ட்வேரை எழுதினார். ஒரே இடத்தில் நின்று, கேமராவைத் திருப்பித் திருப்பி எடுத்த நாலைந்து படங்களை, ஒட்டு தெரியாமல் ஒரே அகலப் படமாக அது இணைத்துக் கொடுக்கும். 'மீன்கண்' லென்ஸில் எடுத்த வளைந்த படத்தை நிமிர்த்தியும் கொடுக்கும். உருண்டையைத் தட்டையான தாளில் இறக்கும் இந்தக் கணக்கு, தேசப்படம் வரைகிறவர்கள் நூற்றாண்டுகளாகப் போட்டு வரும் கணக்குக்கு நெருங்கிய சொந்தம். டெர்ஷ் இதற்குக் காசு வாங்கவில்லை. உலகம் முழுவதும் புகைப்படக்காரர்கள் எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஐபிக்ஸ் என்ற கம்பெனி இருந்தது. இரண்டு மீன்கண் படங்களைக் கொண்டு சுற்றிலும் பார்க்கக்கூடிய முழுக் காட்சியைத் தயாரிப்பது அதன் வியாபாரம். மீன்கண் படத்தை நிமிர்த்தும் முறைக்கு அது பேடண்ட் வைத்திருந்தது. டெர்ஷின் சாஃப்ட்வேர் தன் உரிமையில் கை வைக்கிறது என்று எச்சரித்தது. மீன்கண் படம் 160 டிகிரிக்கு மேல் போகாதபடி டெர்ஷ் தன் சாஃப்ட்வேருக்குத் தாமே ஒரு பூட்டுப் போட்டுப் பார்த்தார். அதுவும் போதவில்லை. 2001-ல் மேற்கொண்டு எழுதுவதையே நிறுத்திவிட்டார். அவர் தவறு செய்தார் என்று எந்தக் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லவில்லை.

'சொந்தமாக எழுதியதற்கு யார் என்ன சொல்ல முடியும்?' என்று கேட்கத் தோன்றும். பதிப்புரிமை என்றால் அந்த வாதம் நிற்கும். பார்த்து எழுதினால்தான் குற்றம். பேடண்ட் அப்படியல்ல. மற்றவர் செய்ததைக் கண்ணால் கூடப் பார்க்காமல் நாமே யோசித்துச் செய்திருந்தாலும், அந்த முறை அவர் பெயரில் பதிவாகியிருந்தால் நாம் மாட்டிக்கொள்வோம். முப்பத்தாறு ஆண்டு ரயில்வேயில் வேலை பார்த்த எனக்கு இது ஜீரணமாக வெகு நாளாயிற்று. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஃபிட்டர் வேலை சுளுவாக ஒரு ஜிக் செய்தால், சில மாதங்களில் பக்கத்து டிவிஷனிலும் அதே மாதிரி ஒன்று இருக்கும். யாரும் கணக்குக் கேட்டதில்லை.

அமெரிக்காவில் ஒரு பேடண்ட் வழக்கை முடிவு வரை நடத்த லட்சக்கணக்கில் டாலர் ஆகும். நியாயம் யார் பக்கம் என்று தெரிவதற்குள் வீடு வாசலை விற்க வேண்டியிருக்கும். எழுதியதால் ஒரு பைசா வருமானம் இல்லாதவர் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்? இந்த எச்சரிக்கைகளின் பலம் சட்டத்தை விடச் செலவில்தான் இருக்கிறது.

ஆனாலும் டெர்ஷின் உழைப்பு வீண் போகவில்லை. யாரும் எடுத்துத் திருத்தி வளர்க்கலாம் என்ற உரிமத்துடன் அவர் தன் நிரலைக் கொடுத்திருந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் தொடர்ந்தார்கள். அதன் மேல் கட்டப்பட்டதுதான் 'ஹூகின்' என்ற இலவச சாஃப்ட்வேர். நம் சங்கத்தின் பொங்கல் விழாக் கூட்டத்தை ஒரே படமாக்க நான் பயன்படுத்துவதும் அதுவே. ஐபிக்ஸ் கம்பெனி 2006-ல் திவாலானது.

தனியாக இல்லாமல் சேர்ந்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 'ஷாட்வெல்' என்பது புகைப்படங்களை அடுக்கி வைக்கும் இலவச சாஃப்ட்வேர். அதற்காக க்னோம் அறக்கட்டளை மீது 2019-ல் ரோத்ஸ்சைல்ட் பேடண்ட் இமேஜிங் என்ற நிறுவனம் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. பணம் கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்றும் சொன்னது. அறக்கட்டளை மறுத்துவிட்டு, வழக்கு நிதி திரட்டியது. ஆயிரக்கணக்கானோர் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். 2020 மே மாதம் எதிர்த் தரப்பு இறங்கி வந்தது. க்னோம் மீது மட்டுமல்ல, அங்கீகரிக்கப்பட்ட திறந்த உரிமத்தில் வெளிவரும் எந்த சாஃப்ட்வேர் மீதும் தன் பேடண்டுகளைக் காட்டி வழக்குப் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டது. வழக்குக்குக் காரணமான பேடண்டும் 2022-ல் ரத்தாயிற்று.

நம் நாட்டில் நிலைமை பரவாயில்லை. கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு, அது புரோகிராம் என்ற அளவில், பேடண்ட் கிடையாது என்று பேடண்ட் சட்டத்தின் 3(கே) பிரிவு சொல்கிறது. 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் அதைத் தளர்த்தியது. எதிர்ப்பு எழுந்தது, 2005-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய சட்டத்தில் அந்தத் தளர்வு இடம்பெறவில்லை. ஆனால் இங்கே எழுதியது அமெரிக்காவில் ஓடும்போது, அந்த ஊர்ச் சட்டமும் குறுக்கே வரும்.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஓய்வு நேரத்தில் எதையாவது எழுதி உலகுக்கு இலவசமாகக் கொடுத்தால் தடுக்காதீர்கள். இரண்டு விஷயங்கள் மட்டும் சொல்லிக் கொடுங்கள். செய்ததை அன்றன்றே தேதியோடு எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். பின்னால் யாராவது அதே முறைக்கு பேடண்ட் கேட்டு வந்தால், முந்தைய தேதியிட்ட அந்தக் குறிப்புதான் சாட்சி. மஞ்சளைக் காப்பாற்றியதும் அதுதான். மிரட்டல் கடிதம் வந்தால் தனியாகப் பதில் எழுதக் கூடாது. பயந்துபோய் அழித்துவிடவும் கூடாது. விவரம் அறிந்த வக்கீலிடமும், இத்தகைய சாஃப்ட்வேரைக் காக்கும் அமைப்புகளிடமும் முதலில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஊர் விட்டு ஊர் வந்து சங்கம் அமைத்து வாழும் நமக்கு, தனியாக நிற்பதற்கும் நாலு பேரோடு நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.