தோற்ற மன்னனை விடுவதா, கொல்வதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் சீக்கிரமே இன்ஸ்டால் ஆகிவிடுவது கேம்ஸ். கார் ரேஸ் என்றால் வேகம் மட்டும்தான் கேள்வி. போர் விளையாட்டு என்றால் ஒரு கட்டத்தில் எதிரியின் தலைவன் தோற்றுப்போய் நம் முன் நிற்பான். கொல்வதா, விடுவதா? சில கேம்கள் இந்த முடிவை நம்மிடமே விட்டுவிடுகின்றன. அப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

மூன்று கேம், மூன்று வழி

1999ல் வெளியான ஏஜ் ஆப் எம்பயர்ஸ் 2 கேமில் ரெஜிசைட் என்றொரு வகை ஆட்டம் உண்டு. ராஜா இறந்தால் அந்த நாட்டின் கதை முடிந்தது. மன்னிப்பதற்கு இங்கே பட்டனே கிடையாது.

2006ல் வந்த மெடீவல் 2: டோட்டல் வார், போர் முடிந்ததும் கைதிகளை விடுவிக்க, பணயத் தொகை பெற்றுக்கொண்டு அனுப்ப, கொல்ல என மூன்று வழிகளைத் தருகிறது. விடுவித்தால் உங்கள் தளபதிக்குப் பெருந்தன்மை மதிப்பெண் ஏறும். கொன்றால் அவனைக் கண்டு எதிரிகள் அஞ்சுவார்கள். இரண்டிலுமே லாபம் உண்டு.

2015ல் வந்த அண்டர்டேல் கேமில் மன்னிப்பதற்கென்றே திரையில் ஒரு பட்டன் இருக்கும். கடைசியில் எதிரிகளின் அரசன் தோற்று நிற்கும்போதும் இந்தக் கேள்வி வரும். ஒருவரைக் கொன்றுவிட்டு, பழைய சேவ் நிலைக்குத் திரும்பி அவரைக் காப்பாற்றினாலும், முதலில் செய்ததைக் கேம் நினைவில் வைத்திருந்து சொல்லிக் காட்டும்.

புரோகிராம் எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குக் கருணை தெரியாது. நீங்கள் கிளிக் செய்தவுடன் ஒரு எண் மாறுகிறது. பின்னால் வரும் காட்சிகள் அந்த எண்ணைப் பார்த்து நடக்கின்றன. எந்தச் செயலுக்கு என்ன பலன் என்பதை முன்பே எழுதி வைத்தவர் புரோகிராமர்தான்.

எங்கள் ஊரில் நடந்தது

நான் இருப்பது ஓசூரில். 1791 ஜூலையில் ஆங்கிலப் படை ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடித்தது. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பியது. 1792ல் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையில் திப்பு சுல்தான் பணிய வேண்டி வந்தது. காரன்வாலிஸ் அவரை அரியணையிலிருந்து இறக்கவில்லை. பாதி ராஜ்யம், 3 கோடியே 30 லட்சம் ரூபாய், பிணையாக இரண்டு மகன்கள் என்று ஒப்பந்தம் ஆனது. கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் கம்பெனி கைக்குப் போனது இப்படித்தான்.

இதை முழுக்கக் கருணை என்று சொல்லிவிட முடியாது. திப்பு அடியோடு வீழ்ந்தால் மராட்டியரும் நிஜாமும் ஓங்கிவிடுவார்கள் என்ற கணக்கும் இருந்தது. பாராமகாலை நிர்வகிக்க வந்தவர்களில் ஒருவரான தாமஸ் மன்றோவுக்கு, திப்புவை விட்டுவைத்ததில் உடன்பாடில்லை. மகன்கள் 1794ல் திரும்பினர். 1799 மே 4 அன்று நடந்த போரில் திப்பு கொல்லப்பட்டார். அவருடைய குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1806ல் அங்கே சிப்பாய்ப் புரட்சி வெடித்தது.

எட்டாவது படிக்கும் அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். "அப்போ 1792லயே முடிச்சிருக்கணும் மாமா, விட்டதாலதானே இன்னொரு சண்டை?" என்றான். "முடிச்ச பிறகும் வேலூர்ல வெடிச்சுதேடா?" என்று கேட்டேன். யோசித்தவன், "ரெண்டு பக்கமும் லோடு பண்ணிப் பார்க்க முடியாதே மாமா" என்றான். விஷயம் அதுதான். கேமில் பலன் உடனே திரையில் தெரியும், பிடிக்காவிட்டால் திரும்பிப் போகலாம். நிஜத்தில் ஏழு வருடம், பதினான்கு வருடம் கழித்து வருகிற பலனை எந்தத் திரையும் முன்கூட்டிக் காட்டாது.

என்ன செய்யலாம்?

இப்படி ஒரு கட்டம் வந்தால் முதலில் புதிய பெயரில் சேவ் செய்திடுங்கள். பழைய பைல் மேலேயே சேவ் செய்தால் திரும்பிப் போக வழி இருக்காது. மதிப்பெண்ணைப் பார்க்காமல், உங்களுக்குச் சரி என்று படுவதை முதலில் தேர்ந்தெடுங்கள். பிறகு பழைய பைலைத் திறந்து மற்ற வழியையும் ஆடிப் பாருங்கள். வீட்டில் பிள்ளைகள் விளையாடினால், ஜெயித்தாயா என்பதோடு நிறுத்தாமல், தோற்றவனை என்ன செய்தாய் என்றும் கேளுங்கள். பதில் சுவையாக இருக்கும்.