கார்லைல் மாணவர் ஆடிய 1912ஆம் ஆண்டுப் பருவம்

கால்பந்து என்றவுடன் நம் நினைவில் எழுவது காலால் உதைத்து ஆடும் ஆட்டமே. அமெரிக்கர் அப்பெயரால் வழங்கும் ஆட்டம் வேறு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடத்தல் வேண்டும். தடுப்போர் ஓடுபவரைப் பற்றித் தரையில் வீழ்த்துவர். 1869இல் இரு கல்லூரிகளிடையே தொடங்கிய இவ்வாட்டம் நெடுங்காலம் வெறும் முரட்டுப் போராகவே இருந்தது. 1905இல் மாணவர் பலர் உயிரிழந்தபின் விதிகள் திருத்தப்பட்டன. மறு ஆண்டு பந்தை முன்னோக்கி எறிய இசைவு கிடைத்தது. 1912இல் எல்லை கடந்தால் ஐந்து புள்ளி என்பது ஆறாயிற்று. அவ்வாண்டில் யாவரும் பேசிய அணி, கல்லூரி என்னும் பெயர்கூட இல்லாத ஒரு பள்ளியின் அணியாகும்.

பென்சில்வேனியா மாநிலத்துக் கார்லைல் நகரில், பழைய படைவீடு ஒன்றில், 1879இல் இராணுவ அதிகாரி ரிச்சர்டு பிராட் அப்பள்ளியைத் தொடங்கினார். செவ்விந்தியர் என்று நம் பழைய நூல்கள் குறிக்கும் அமெரிக்கப் பழங்குடியினரின் குழந்தைகளை வெள்ளையர் வாழ்வுக்கு மாற்றுவதே அதன் நோக்கம். வந்தவுடன் சிறுவரின் நீள்முடி வெட்டப்பட்டது. தாய்மொழியில் பேசுதல் தடுக்கப்பட்டது. கரும்பலகையில் ஆங்கிலப் பெயர்களை எழுதி, கோலால் ஒன்றைச் சுட்டச் சொன்னார்கள் என்று முதல் அணி மாணவருள் ஒருவரான லூதர் ஸ்டாண்டிங் பேர் பின்னாளில் எழுதியுள்ளார். படிக்கத் தெரியாத சிறுவன் எதைச் சுட்டினானோ அதுவே அவன் பெயர்! மொழி கற்பிக்கும் நாம் இவ்விடத்தை எளிதில் கடந்துவிட இயலாது.

இத்தகைய பள்ளியில் பந்தாட்டம் வேர் பிடித்தது. உடற்கட்டில் பெரும் பல்கலைக்கழக அணிகளுக்கு ஈடாகாத இம்மாணவர், விரைவையும் சூழ்ச்சியையும் துணைக்கொண்டனர். பயிற்சியாளர் கிளென் வார்னர் புதிய அணிவகுப்புகளை வகுத்தார். 1911இல் ஹார்வர்டு 18–15 என்று தோற்றது. அடுத்த ஆண்டு, சாக்–பாக்ஸ் குலத்தவரான ஜிம் தார்ப், ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரு தங்கப் பதக்கங்கள் வென்ற கையோடு அணிக்குத் திரும்பினார்.

அப்பருவத்தில் கார்லைல் 14 ஆட்டங்கள் ஆடி 12இல் வென்றது. 500க்கு மேற்பட்ட புள்ளிகள் குவித்தது. அவற்றுள் ஒன்றே நம் கருத்தைப் பெரிதும் ஈர்க்கிறது. 1912 நவம்பர் 9 அன்று வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்விக்கழகத்தை அதன் சொந்தத் திடலிலேயே கார்லைல் எதிர்கொண்டது. அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்புதான், 1890 டிசம்பரில், வூண்டட் நீ என்னுமிடத்தில் அமெரிக்கப் படை லகோட்டா குலத்தார் 200க்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. அப்படையின் வருங்கால அதிகாரிகளோடு, அதே விதிகளின்கீழ், ஆளுக்கு ஆளாக நிற்க இம்மாணவருக்குக் கிடைத்த களம் இது ஒன்றே எனலாம். முடிவு 27–6, வெற்றி கார்லைலுக்கு. அலெக்ஸ் அர்காசா மும்முறை எல்லை கடந்தார். தோற்ற அணியில் ஆடியவருள் ஒருவர் டுவைட் ஐசன்ஹோவர். 1953இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானவர் அவரே. மறுவாரம் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திடம் கார்லைல் 34–26 எனத் தோற்றதையும் சொல்லத்தான் வேண்டும்.

புகழின் பயன் ஆடியவரை எவ்வளவு சேர்ந்தது? முன்னர்ச் சிறு ஊதியத்துக்குப் பேஸ்பால் ஆடினார் என்னும் குற்றச்சாட்டில் 1913இல் தார்ப்பின் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. அவர் 1953இல் மறைந்தார். பதக்கங்களின் படிகள் 1983இல்தான் குடும்பத்தாரிடம் அளிக்கப்பட்டன. தனி வெற்றியாளர் என்னும் அறிவிப்பு வர 2022 ஆயிற்று. பள்ளியிலோ, அணியின் முன்னணி வீரர் கஸ் வெல்ச் மாணவர்களின் கையொப்பங்களைத் திரட்டி முறையிட்டார். 1914இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. பயிற்சியாளர் மாணவரை நடத்திய முறையும், பந்தாட்ட வருவாய் செலவான விதமும் கேள்விக்கு உள்ளாயின. வார்னர் விலகினார்.

1918இல் பள்ளி மூடப்பட்டது. அங்கே நோயுற்று இறந்த குழந்தைகளின் கல்லறைகள் 180க்கும் மேல் அவ்வளாகத்தில் இருந்தன. 2017 முதல் அவர்தம் எச்சங்களைத் தோண்டியெடுத்து, உரிய குலத்தாரிடம் சிறிது சிறிதாக ஒப்படைத்து வருகின்றனர்.