வீரக் கதைகளில் பெண்ணும் உடையும்

சென்ற ஆண்டு விழாவுக்காக நம் மேல்வகுப்பு மாணவியர் ‘பொன்னியின் செல்வன்’ கதையிலிருந்து சில காட்சிகளை நாடகமாக நடிக்க எண்ணினர். பாத்திரங்களைப் பங்கிடும் நாளன்று ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. குந்தவையாக வர ஒன்பது பேர் கை தூக்கினர். நந்தினியாக வர ஏழு பேர். வந்தியத்தேவனாக வர ஒருவரும் முன்வரவில்லை. வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து, ஒவ்வோர் ஆண்டும் சாமரம் வீசும் தோழியாகவே மேடையேறி வந்த ஒரு மாணவி மெல்ல எழுந்து, “நான் வரட்டுமா, டீச்சர்?” என்று கேட்டாள்.

மறுநாள் அவளுடைய தாயார் பள்ளிக்கு வந்தார். கோபமாக வரவில்லை, கவலையோடு வந்தார். “பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கு டீச்சர் மீசையும் வாளும்? நாலு பேரு பாத்துச் சிரிக்க மாட்டாவளா? ராணி வேசம் ஒண்ணு குடுக்கப்பிடாதா?” என்றார்.

நியாயமான கேள்விதான். வீரக் கதைகளில் பெண்ணுக்கு என்ன இடம்? அவள் உடுத்தும் உடைக்கும் அவளுக்குக் கிடைக்கும் உரிமைக்கும் தொடர்பு உண்டா? அந்தத் தாயாருக்கு அன்று நான் சொன்ன விடையைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

வேடம் மாறுவோர் யார்?

கல்கியின் சரித்திரக் கதைகளை வாசித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். அவற்றில் ஆண்கள் சட்டை மாற்றுவதுபோல் வேடம் மாற்றுவார்கள். ‘சிவகாமியின் சபத’த்தில் மகேந்திர பல்லவர் வஜ்ரபாகு என்ற பெயரில் உலாவுகிறார். ‘பார்த்திபன் கனவி’ல் நரசிம்ம பல்லவர் சிவனடியாராக வருகிறார், இளவரசன் விக்கிரமன் இரத்தின வியாபாரியாகத் திரும்பி வருகிறான். ‘பொன்னியின் செல்வ’னில் அருள்மொழிவர்மர் யானைப் பாகனாகத் தஞ்சைக்குள் நுழைகிறார். உடையை மாற்றினால் ஊரெல்லாம் சுற்றலாம், உண்மையை அறியலாம், உயிர் தப்பலாம். ஆணுக்கு உடை ஒரு திறவுகோல்.

அரசகுலப் பெண்களுக்கோ உடையும் அணியும் பெரும்பாலும் பூட்டாகவே அமைந்துவிடுகின்றன. அவர்கள் அரண்மனையில் இருப்பார்கள். வெளியே போனால் பல்லக்கில் போவார்கள். அறிவில் குந்தவைக்கு நிகரானவர் அந்தக் கதையிலேயே சிலர்தாம். ஆயினும் அவள் ஓலை எழுதுகிறாள். அதை எடுத்துக்கொண்டு குதிரையேறிப் போகிறவன் வந்தியத்தேவன்.

இங்கே கல்கி ஒரு நுட்பமான காரியம் செய்திருக்கிறார். நந்தினியின் மூடுபல்லக்கு நாடெங்கும் போகிறது. கடம்பூர் மாளிகையில் அதன் திரை விலகும்போது உள்ளேயிருந்து வெளிவருவது நந்தினி அன்று. அரியணைக்கு ஆசைப்படும் மதுராந்தகன்! பெண்ணின் பல்லக்குத் திரையை யாரும் விலக்கிப் பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஓர் ஆண் அதனுள் ஒளிந்து பயணம் செய்கிறான். பெண்ணை மறைப்பதற்கென்று தொங்கவிட்ட திரை, சதி செய்யும் ஆண்களுக்குப் பயன்பட்டது. இதைக் கதைத் திருப்பமாக மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல், மாணவியர் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

அதே கதையில் வேறொரு பெண்ணும் இருக்கிறாள். அவள் கோடிக்கரை ஓடக்காரப் பெண் பூங்குழலி. அவளுக்குப் பல்லக்கு இல்லை. கையில் துடுப்பு இருக்கிறது. புயலடித்த கடலில் தத்தளித்த அருள்மொழிவர்மரையும் வந்தியத்தேவனையும் கரை சேர்ப்பவள் அவளே. இளவரசி செய்ய முடியாததை ஓடக்காரி எப்படிச் செய்கிறாள்? உழைத்துப் பிழைக்கும் பெண்ணை யாரும் திரைக்குப் பின்னால் வைப்பதில்லை. உயர்ந்த இடத்துப் பெண்ணுக்கு மதிப்பு உண்டு, நடமாட்டம் இல்லை. எளிய இடத்துப் பெண்ணுக்கு நடமாட்டம் உண்டு, மதிப்பு இல்லை.

இது கல்கி புதிதாகக் கண்டது அன்று. நம் திருக்குற்றாலத்துக் குறவஞ்சியைப் பாருங்கள். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் பாடியது. நாயகி வசந்தவல்லி பந்தாடுகிறாள், காதல் கொள்கிறாள், பிறகு ஏங்கி நிற்கிறாள். குறத்தி சிங்கியோ மலை மலையாக, ஊர் ஊராகச் சுற்றி, குறி சொல்லிப் பரிசு பெறுகிறாள். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையிலுள்ள கிருஷ்ணாபுரம் கோயிலிலும் நாயக்கர் காலச் சிற்பி இதையே கல்லில் காட்டியிருக்கிறான். அரசகுமாரியைக் குறவன் தூக்கிச் செல்லும் சிலை ஒன்று. அரசகுமாரனைக் குறத்தி தோளில் தூக்கிச் செல்லும் சிலை மற்றொன்று. அடுத்த முறை சுற்றுலா போகும்போது அந்தக் குறத்தியின் காலில் உள்ள உறுதியைக் கவனித்துப் பாருங்கள்.

படம் சொல்வதும் சிலை சொல்வதும்

குந்தவை என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றும் உருவம் எங்கிருந்து வந்தது? 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடர்கதை வெளிவந்தபோது ஓவியர் மணியம் தீட்டிய படங்களிலிருந்து வந்தது. உயர்ந்த கொண்டையும் அணிகலன்களும் கச்சும் கொண்ட அந்தப் படங்களை வெட்டியெடுத்துப் பைண்டு செய்து வைத்திருந்த வீடுகள் நம் ஊரில் எத்தனையோ. பிறகு சாண்டில்யனின் ‘கடல் புறா’வுக்கு ஓவியர் லதா படம் வரைந்தார். 2022-லும் 2023-லும் இரண்டு பாகங்களாக வந்த திரைப்படம் குந்தவைக்கு இன்னோர் உருவம் கொடுத்தது.

உண்மைக் குந்தவை எப்படி உடுத்தியிருப்பார்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அவர் பேசப்படுகிறார். தம் தந்தைக்கும் தாய்க்கும் திருமேனிகள் செய்து வைத்ததும், கோயிலுக்குப் பொன்னும் அணிகலன்களும் கொடுத்ததும் எடை முதலாகப் பொறிக்கப்பட்டுள்ளன. கல்வெட்டு அவருடைய கொடையைச் சொல்கிறது. அவருடைய சேலையைச் சொல்லவில்லை. ஆகவே ஓவியர்கள் சோழர் காலச் செப்புத் திருமேனிகளையும் பெரிய கோயிலின் சுவரோவியங்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு, மீதியைத் தம் காலத்து வாசகர்களின் கண்ணுக்கு ஏற்ப வரைந்தார்கள்.

அந்தச் செப்புத் திருமேனிகளில் அரசியரும் தேவியரும் இடையில் மெல்லாடையும் மார்பில் அணிகலன்களுமாகவே நிற்கின்றனர். இன்று நாம் அணியும் தைத்த இரவிக்கை பிற்காலத்தது. பிற்கால வாசகர் கூச்சப்படாதிருக்கும்படி ஓவியர்கள் கச்சைச் சற்று அகலமாக்கினார்கள். அதில் குற்றமில்லை. ஆனால் கதையாசிரியர் சிலர், வீரன் வாள் வீசும்போது அவன் திறமையை வருணிப்பார்கள். வீராங்கனை வாள் வீசும்போதும் அவள் மேனியைத்தான் வருணிப்பார்கள். ஒரு பெண் என்ன செய்தாள் என்பதைவிட எப்படித் தோன்றினாள் என்பதே பெரிதாகிவிட்டால், கல்வெட்டு எழுதிய கல்தச்சனைவிட நாம் பின்தங்கிவிட்டோம் என்று பொருள்.

உரிமைக்காக உடுத்திய துணி

உடை கதையில் மட்டும் வருவதன்று. அதற்காகப் பெண்கள் அடிபட்ட வரலாறு நமக்கு மிக அருகில் நடந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், அன்றைய தென் திருவிதாங்கூரில், நாடார் முதலான சமூகங்களின் பெண்கள் மேலாடையால் மார்பை மறைக்கக் கூடாது என்ற கொடிய வழக்கம் இருந்தது. கிறிஸ்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் என்ற சட்டை அணியத் தொடங்கியதும் பகை மூண்டது. தெருவிலும் சந்தையிலும் பெண்களின் ஆடைகள் கிழிக்கப்பட்டன. வீடுகளும் ஆலயங்களும் தாக்கப்பட்டன. பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின், 1859-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் அப்பெண்கள் மேலாடை அணியலாம் என்று அறிக்கை விடுத்தார். அப்போதும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்ற கட்டுப்பாடு நீங்கவில்லை.

இப்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சோழ அரசியின் திருமேனியில் மேலாடை இல்லை. அது இழிவும் இல்லை. தென் திருவிதாங்கூர்ப் பெண்ணுக்கு மேலாடை மறுக்கப்பட்டது. அது பெரும் இழிவு. வேற்றுமை துணியின் அளவில் இல்லை. உடுத்துகிறவளுக்குப் பதிலாகப் பிறர் தீர்மானிப்பதில் இருக்கிறது. ‘அடக்கம்’ என்ற சொல்லை நாம் அடிக்கடி பயன்படுத்துகிறோம். தானே விரும்பி ஏற்பதுதான் அடக்கம். பிறர் சுமத்துவது அடக்குமுறை.

மேடையில் மாறிய உடை

பெண்ணுக்கு மீசை வைத்தால் சிரிப்பார்களே என்பது அந்தத் தாயாரின் கவலை. தமிழ் நாடக மேடையோ நெடுங்காலம் ஆண்களுக்குச் சேலை கட்டி நடத்தப்பட்டது. நம் தூத்துக்குடிச் சீமையில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களைக் கொண்டு நடத்திய நாடக சபையில் ராஜபார்ட்டும் பையன்தான், ஸ்திரீபார்ட்டும் பையன்தான். அவரிடம் பயின்ற தி. க. சண்முகம் பிற்காலத்தில் ஔவையாராக நடித்தே ‘ஔவை சண்முகம்’ என்று பெயர் பெற்றார். மறுபுறம், 1935-இல் வந்த ‘நந்தனார்’ படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவே நடித்தார். 1941-இல் ‘சாவித்திரி’யில் எம். எஸ். சுப்புலட்சுமி நாரதராக வந்தார். பக்தியோ இசையோ அதனால் ஒரு துளியும் குறைந்துவிடவில்லை.

நம் திருச்சபையின் வரலாற்றிலும் ஒரு பெண்ணின் உடை வழக்காடு மன்றம் ஏறியதுண்டு. புனித ஜோன் ஆஃப் ஆர்க், நாட்டைக் காக்கப் புறப்பட்டபோது ஆணுடை அணிந்தாள். சிறையில் முரட்டுக் காவலர் நடுவே தன் கற்பைக் காக்கவும் அதுவே உதவியது என்று பிற்காலத்தில் சாட்சி சொல்லப்பட்டது. அவள்மீது சாட்டிய குற்றங்களில் அந்த உடையும் ஒன்று. 1431-இல், ஏறத்தாழ பத்தொன்பது வயதில், தீயிலிடப்பட்டாள். 1456-இல் அந்தத் தீர்ப்புச் செல்லாதென அறிவிக்கப்பட்டது. 1920-இல் அவளைப் புனிதையென்று திருச்சபை அறிவித்தது. மனிதர் உடையைப் பார்த்தனர். ஆண்டவர் உள்ளத்தைப் பார்த்தார்.

பெயர் தெரியாத ஒரு தாய்

கடைசியாக, வாளும் மீசையும் இல்லாமல் வீரச் செயல் புரிந்த நம் பக்கத்துப் பெண் ஒருத்தியைச் சொல்ல வேண்டும். கட்டபொம்மன் 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபின், அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரியில் தப்பினார். விறகு விற்பவர்கள்போல் வந்த வீரர்கள் அவரை மீட்டதாக நம்மூரில் சொல்வதுண்டு. அதே ஆண்டு மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி மறுபடியும் வீழ்ந்தது.

பிறகு நடந்ததை, எதிர்த்தரப்பில் நின்று போரிட்ட ஆங்கிலத் தளபதி ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி 1830-இல் வெளியிட்டார். போர்க்களத்தில் தன் மகனைத் தேடி ஒரு தாய் போனாள். மகன் குற்றுயிராகக் கிடந்தான். தன்னை விட்டுவிட்டு, அருகே காயம்பட்டுக் கிடக்கும் ‘சாமி’யைக் காப்பாற்றும்படி அவன் சொன்னான். அந்தச் சாமி ஊமைத்துரை. தாய் அவரைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். எட்டயபுரம் ஆட்கள் தேடி வந்தபோது பெண்கள் அவர்மேல் துணியைப் போர்த்திவிட்டு ஓவென்று ஒப்பாரி வைத்தார்கள்; பையன் அம்மை கண்டு இறந்துவிட்டான் என்றார்கள். வந்தவர்கள் அஞ்சி ஓடிவிட்டனர்.

ஒரு துணி, ஓர் ஒப்பாரி. பெண்களின் அன்றாட வாழ்விலிருந்து எடுத்த இரண்டே பொருள்கள். அவை ஒரு படையைத் திருப்பி அனுப்பின. அந்தத் தாயின் பெயரை வெல்ஷ் எழுதவில்லை. பெற்ற மகனைச் சாக விட்டுவிட்டு இன்னொருவரைத் தூக்கிய அந்தக் கைகளுக்கு எந்த ஓவியரும் வளையல் வரையவில்லை. அவளுக்கு ஒரு காட்சியாவது நம் நாடகங்கள் கடன்பட்டிருக்கின்றன.

முடிவுரை

இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது அந்தத் தாயார் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அவர் ஓட்டப்பிடாரம் பக்கத்தில் பிறந்தவர். “அந்தக் கதைய எங்க ஆச்சி சொல்லிக் கேட்ருக்கேன், டீச்சர். புஸ்தகத்துல இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியும்” என்றார். மகளுக்கு வந்தியத்தேவன் வேடம் வேண்டாம் என்று அதன்பின் அவர் சொல்லவில்லை.

அன்புள்ள மாணவியரே, இனி ஒரு வீரக் கதையைப் படிக்கும்போதும் பார்க்கும்போதும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பெண் தன் உடையைத் தானே தேர்ந்துகொண்டாளா? அந்த உடையில் அவளால் ஓட முடியுமா, துடுப்புப் போட முடியுமா? கதை முடிந்தபின் அவள் அணிந்தது நினைவில் நிற்கிறதா, அவள் செய்தது நிற்கிறதா? பெற்றோரும் தம் பெண் மக்களின் ஆடையைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் செய்ய விரும்பும் செயலைப் பற்றியும் அதே அக்கறையோடு கேட்பார்களானால் நன்று.

விழா நாளன்று மாலை, அட்டைக் கிரீடங்களுக்கு ஜிகினாத் தாள் ஒட்டிக்கொண்டிருந்த அவசரத்தில் மீசை வரையும் பொறுப்பை எல்லோரும் மறந்துவிட்டோம். மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தபோது, கண்மை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, மகளின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, அந்தத் தாயாரே வந்தியத்தேவனுக்கு மீசை வரைந்துகொண்டிருந்தார்.